உஷார்! கியர் ராடைக் குட்டையாக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்களா? கியர் முரண்டு பிடிக்கிறதா? “ஷார்ட் ஷிஃப்டர் போடு, சும்மா சொடக்குப் போட்டாப்ல விழும்” என்று யாராவது சொல்லி, பெட்டியும் வீடு வந்து சேர்ந்துவிட்டதா?

பிரிக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

டொராண்டோ பக்கம் நம் பிள்ளை ஒருவன். பெயர் வேண்டாம். ஆசை ஆசையாக முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினான். 1989-ல் வந்த அந்தக் குட்டி இரண்டு சீட் கார். அதில் கியர் ராடு கியர்பாக்ஸின் தலையிலேயே நேராக உட்கார்ந்திருக்கும், நடுவில் கேபிள் கிடையாது. அதன் கியர் மாற்றத்தை இத்தனை பேர் கொண்டாடுவதற்கு அது ஒரு பெரிய காரணம். ஆனால் இவன் வண்டியில் இரண்டாவது கியர் விழ மறுத்தது. காரணம் தேடவில்லை. ஷார்ட் ஷிஃப்டர் வாங்கி ஒரே சாயங்காலத்தில் மாட்டிவிட்டான். கையில் விறுவிறுவென்று வேலை செய்தது. சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நெடுஞ்சாலை ஏறும் வளைவுவரைதான். ஈரமான ரோடு. மூன்றாவதில் இன்ஜின் அலறும்வரை முடுக்கிவிட்டு, நான்காவதுக்கு ராடை நேராகக் கீழே இழுக்க வேண்டியவன், அவசரத்தில் தன் பக்கம் சாய்த்து இழுத்துவிட்டான். விழுந்தது இரண்டாவது கியர்! பின்சக்கரங்கள் இரண்டும் இறுகிப் பிடித்தன. கார் சுழன்று தடுப்பில் போய் மோதியது. பிள்ளை பிழைத்தான். இன்ஜின் பிழைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள், பயம் புரியும். அந்தக் காரின் ஐந்து கியர் பெட்டியில் மூன்றாவதின் விகிதம் 1.33, இரண்டாவது 1.89. மூன்றாவதில் 6,500 சுற்றில் போகும்போது இரண்டாவது விழுந்து கிளட்ச் பிடித்தால், இன்ஜின் 9,200 சுற்றுக்கு மேல் இழுக்கப்படும். அதன் சிவப்புக் கோடு 7,000. “ரெவ் லிமிட்டர் இருக்கே, பார்த்துக்கும்” என்று நினைக்கிறீர்களா? பார்த்துக்கொள்ளாது. லிமிட்டர் இன்ஜினின் சொந்த முடுக்கத்தைத்தான் அடக்கும். சக்கரம் பின்னாலிருந்து இன்ஜினைச் சுற்றினால் அதைத் தடுக்க எதுவும் கிடையாது. பேரிங் போகும். கனெக்டிங் ராடு உடையும். கிளட்ச் தட்டு சிதறினாலும் ஆச்சரியமில்லை.

தவறான கியர் நீளமான ராடிலும் விழும்தானே? விழும். ஆனால் சில ஷார்ட் ஷிஃப்டர் கிட்டுகளில் பக்கவாட்டு அசைவும் சேர்ந்து குறைகிறது. இரண்டும் நான்கும் கைக்கு ஒட்டி ஒட்டி வந்துவிடுகின்றன. பழகாத கைக்கு இது ஆபத்து.

பிறகு மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது வெளிவந்ததுதான் வயிற்றைப் பிசைகிறது. கியர்பாக்ஸில் கோளாறே இல்லை. கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. பெடலை முழுக்க மிதித்தாலும் கிளட்ச் முழுக்க விடுபடவில்லை. கியர் முரண்டு பிடித்தது அதனால்தான். மாற்றியிருக்க வேண்டியது அந்தச் சின்னப் பாகத்தை!

ஷார்ட் ஷிஃப்டர் எதையும் குணப்படுத்தாது. கை நகரும் தூரத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். தூரம் 40 சதவீதம் குறைந்தால், கை கொடுக்க வேண்டிய பலம் ஒன்றரை மடங்கைத் தாண்டும். அந்தப் பலம் போய்ச் சேருவது சிங்க்ரோ வளையத்தில். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவர் பஸ்ஸோடு நாலு எட்டு ஓடித்தானே படியில் கால் வைப்பார்? கியருக்கு அந்த நாலு எட்டை ஓடிக் கொடுப்பது இந்த வளையம்தான். நீங்கள் வெடுக்கென்று இழுத்தால் அதற்கு ஓட நேரம் ஏது? தேயும். பிறகு ‘கர்ர்ர்’. அந்தச் சத்தம் வந்துவிட்டால் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்த ஆபத்து, கியர்பாக்ஸ் ஆயில். கடைக்காரர் “இது இன்னும் உசத்தி” என்று நீட்டுவதை ஊற்றிவிடாதீர்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டும் ஒன்றல்ல. ஜிஎல்-5-ல் அழுத்தம் தாங்கும் ரசாயனம் அதிகம், டிஃபரென்ஷியலுக்கு அது நல்லது. ஆனால் ஜிஎல்-4 கேட்கிற பெட்டியில் ஊற்றினால் வழுக்கல் கூடி சிங்க்ரோ சரியாகப் பிடிக்காமல் போகலாம், சில வகை ஆயில் பித்தளையையும் அரிக்கும். அதற்காக ஜிஎல்-5 என்றாலே விஷம் என்றும் இல்லை. டிஃபரென்ஷியலும் சேர்ந்தே இருக்கிற பல சுபாரு பெட்டிகளுக்கு அதுதான் சரி. ஹோண்டா எஸ்2000-க்கு ஹோண்டா தன் சொந்த ஆயிலையே சொல்கிறது. உங்கள் காரின் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அது. வேறு பேச்சே வேண்டாம்.

ஆயிலை நீங்களே மாற்றுவதானால், முதலில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அது திறக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கீழ் மூடியில் கை வையுங்கள். மேல்மூடி துருப்பிடித்து இறுகிக்கிடப்பது தெரியாமல் ஆயிலை வடித்துவிட்டு, காலிப் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்பவர்கள் உண்டு. வடித்த ஆயிலைப் பாருங்கள். மூடியின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை இருந்தால் பயப்பட வேண்டாம். தங்கப் பொடி மினுமினுத்தால் சிங்க்ரோ தேய்கிறது. இரும்புச் சில்லு வந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கிட்டைத் தொடாதீர்கள்: கியர் போட்டு, கிளட்ச்சை மிதித்தபடி நிற்கும்போதே கார் மெல்ல நகர்கிறது. பெடல் முன்னைவிடத் தாழ்ந்துவிட்டது. கிளட்ச் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. ஆக்ஸிலரேட்டரை விட்டதும் கியர் தானாக நழுவி வெளியே வருகிறது. கியர் ராடைச் சுற்றிச் சூடான காற்றும் ஆயில் வாடையும் மேலே வருகின்றன (அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, அதை மாற்றினாலே பாதிக் குறை தீரும்). குளிர் காலையில் முதல் சில நிமிடம் இரண்டாவது கியர் கனமாக இருப்பது மட்டும் வேறு. பழைய எம்எக்ஸ்-5-ல் அது சகஜம். ஆயில் சூடேறும்வரை பொறுமையாக மாற்றுங்கள், போதும்.

தரை விரிப்பு கிளட்ச் பெடலுக்கு அடியில் சுருண்டுகிடக்கிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள்! பெடல் கடைசிவரை இறங்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இன்று சாயங்காலமே ஒரு சோதனை. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச்சை முழுக்க மிதித்துச் சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரத்தால் கிளட்ச் விடுபடவில்லை. கிட் பெட்டி பிரிக்கப்படாமலே இருக்கட்டும், மெக்கானிக்கிடம் போங்கள்.

இதையும் மீறி என்றாவது தவறான கியர் விழுந்து இன்ஜின் அலறினால், யோசிக்காமல் கிளட்ச்சை மிதியுங்கள். ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். “ஓடத்தானே செய்யுது” என்று மறுபடி கிளப்பாதீர்கள். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.