பாட்டு வாத்தியார் – 9: அவர்கள் ஸட்ஜம், என் பஞ்சமம்

சென்ற வாரம் சம்பளக் கணக்கைச் சொன்னேன். இந்த வாரம் தொண்டைக் கணக்கு.

சனிக்கிழமை மாலை வல்லம் வடகாலில் எனக்கு வகுப்பு. நேரத்தை நான் வைப்பதில்லை, ஷிப்டு வைக்கிறது. கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் நாலு பேர், தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர். 2024 ஆகஸ்டில் சிப்காட் இங்கே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. அதிலிருந்து என்னிடம் பாட வந்தவர்கள் இரண்டு பேர். ஷிப்டு மாறினால் அவர்களும் காணாமல் போவார்கள். திரும்பி வந்ததும் ஜண்டை வரிசையை மறுபடி முதலிலிருந்து பிடிக்க வேண்டும்.

எனக்குச் சுருதி 1 கட்டை, அவர்களுக்கு 5. அவர்களுடைய ஸட்ஜம் என்னுடைய பஞ்சமம். மேலே போனால் தொண்டை கிழியும், கீழே இறங்கினால் குரல் கிணற்றுக்குள் விழும். மூன்று மணி நேரம் இப்படிப் பாடிவிட்டு வீட்டில் தம்புராவை 1 கட்டைக்கு வைத்தால், என் வீட்டுக்கே நான் விருந்தாளி வந்த மாதிரி இருக்கும்.

குரல் இரண்டு நாளில் தேறிவிடும். பழக்கம்தான் தேறாது. போன மார்கழியில் ஒரு கோயிலில் பாட உட்கார்ந்தேன். பல்லவியை ஒருமுறை பாடிவிட்டுச் சட்டென்று நிறுத்தினேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வதற்காக! மிருதங்கக்காரர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

முசிறி சுப்பிரமணிய ஐயர் 1949இல் சென்னையில் மத்தியக் கர்நாடக இசைக் கல்லூரிக்கு முதல்வராக வந்தபோது, உடல்நிலை காரணமாகக் கச்சேரி மேடையை ஏற்கெனவே விட்டிருந்தார். முதலில் மேடை, பிறகு வகுப்பு. அந்த வரிசை எல்லாருக்கும் வாய்க்காது. எங்களுக்கு இரண்டும் ஒரே நாளில் வரும்.

எனக்கு வழிகாட்டி அதே கல்லூரியில் பாடம் சொன்ன டி. பிருந்தாதான். வீணை தனம்மாளின் பேத்தி. தங்கை முக்தாவோடு பக்கத்துக் காஞ்சிபுரத்தில் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். எம்.எஸ். சுப்புலட்சுமியும் ராம்நாடு கிருஷ்ணனும் இவரிடம் வந்து கற்றுக்கொண்டார்கள். ஆனாலும் மேடையில் பெருங்கூட்டம் இழுக்கிற பாடகியாக அவர் இருந்ததில்லை. சபைக்காகவும் சரி, மாணவருக்காகவும் சரி, பாட்டின் அசைவுகளை அவர் இளக்கவில்லை. 1976இல் சங்கீத கலாநிதி பட்டம் வந்தது. நாமோ பிள்ளைக்குப் புரியட்டும் என்று கமகத்தை வழித்துவிட்டு நேராகப் பாடிக் காட்டுகிறோம். நூறு தடவை காட்டினால் நமக்கும் அப்படித்தான் வரும்.

அதனால் இப்போது அதிகாலை நாலே முக்காலுக்கு எழுந்துவிடுகிறேன். கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கத் தொடங்கும்வரை 1 கட்டையில் ஒரு மணி நேரம். வகுப்பில் நடக்கும் பாட்டு எதுவும் அந்த நேரத்தில் கிடையாது. வகுப்பில், தேறிய பெண் ஒருத்தியை முன்னே பாடவிட்டு நான் தாளம் போடுகிறேன். 5 கட்டைக்கு அவள் குரல்தான் பிள்ளைகளுக்கும் பொருந்துகிறது.

உங்கள் பிள்ளையின் பாட்டு வாத்தியார், "கச்சேரி இருக்கிறது, இந்த வாரம் வகுப்பு இல்லை" என்று சொன்னால் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அந்தக் கச்சேரிக்குப் போங்கள்.

(தொடரும்)