ஏழாவது பிள்ளைக்கு மனை இல்லை

சாம்பாருக்கு வெங்காயம் உரிக்கும்போது, அது எந்த வண்டியில் ஏறி வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? ஜப்பானில் அதற்கு ஒரு கதையே இருக்கிறது. அந்நாட்டு வெங்காயத்தில் பாதிக்கு மேல் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் விளைகிறது. டோக்கியோவுக்கு வர வேண்டுமானால் நடுவே கடல்.

1954-ல் புயலில் 'தோயா மாரு' என்ற ரயில்வேக் கப்பல் கவிழ்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் கடலுக்கடியில் ஸெய்கான் சுரங்கத்தைத் தோண்டத் தீவிரமாக முனைந்தார்கள். நீளம் ஏறக்குறைய 54 கிலோ மீட்டர். 1988-ல் ரயில் ஓடிற்று.

அதற்கு முந்திய வருஷம் ரயில்வேயில் பாகப்பிரிவினை! கடனில் மூழ்கியிருந்த அரசாங்க ரயில்வேயை ஏழாகப் பிரித்தார்கள். பிரதேசத்துக்கு ஒன்றாக ஆறு பிரயாணிக் கம்பெனிகள். சரக்குக்கு மட்டும் தேசம் முழுவதற்கும் ஒரே கம்பெனி. தண்டவாளம் எல்லாம் அநேகமாக முதல் ஆறு பிள்ளைகளுக்கே போயிற்று. ஏழாவது பிள்ளைக்கு எஞ்சினும் வண்டிகளும் கிடைத்தன, மனை இல்லை. ஆகவே அது குடக்கூலிக்கு ஓடுகிறது. கூலியும் சொற்பம்தான். கூட்ஸ் வண்டியால் ஏற்படும் அதிகப்படித் தேய்மானத்தை மட்டும் கொடுத்தால் போதும். ஒண்டுக் குடித்தனக்காரர் மாடிப்படி தேய்ந்ததற்கு மட்டும் வாடகை தருவது மாதிரி! ஹொக்கைடோ கம்பெனியோ பனியிலும் நஷ்டத்திலும் தவிக்கிற வீட்டுக்காரர். மனத்தாங்கல் வராமல் இருக்குமா?

2016-ல் அதிவேக ரயில் சுரங்கத்துக்குள் வந்தது. அதற்கு அகலப் பாதை, கூட்ஸுக்குக் குறுகிய பாதை. மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போட்டு, 82 கிலோ மீட்டருக்கு இரண்டையும் ஒரே வழியில் விட்டார்கள். ஆனால் அதிவேக ரயில் எதிரே பாய்ந்தால் அந்தக் காற்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை அலைக்கழித்துவிடலாம். எனவே மற்ற இடத்தில் 260 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிற சீமாட்டி, இங்கே 140-க்கு அடங்கி நடந்தாள். 2019-ல் 160 ஆயிற்று. டோக்கியோவிலிருந்து ஹக்கோடாட்டே பக்கம் போக 4 மணி 2 நிமிஷம் ஆனது, 3 மணி 58 நிமிஷமாகக் குறைந்தது. நாலு நிமிஷத்துக்கு அவ்வளவு சந்தோஷம்! பின்னர், கூட்ஸ் வண்டிகள் குறைகிற பண்டிகை நாட்களில் மட்டும் சுரங்கத்தில் இன்னும் வேகமாக விட்டுப் பார்த்தார்கள்.

எனக்கென்னவோ வெங்காயத்தின் பக்கமே நியாயம் தோன்றுகிறது. பிரயாணிக்கு ஆகாய விமானம் உண்டே!

அதிவேகப் பாதையை ஸப்போரோ நகரம் வரை நீட்டும் வேலை நடக்கிறது. அது முடிந்தால் ஹக்கோடாட்டேயிலிருந்து வடக்கே போகும் பழைய கடலோரப் பாதையைக் கம்பெனி கைகழுவிவிடும். அதில் ஏறும் உள்ளூர்ப் பிரயாணிகள் கொஞ்சம்தான். வெங்காயத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் அதுதான் ராஜபாட்டை. வீட்டுக்காரர் காலி செய்த பிறகு, குடியிருப்பவருக்காகக் கூரையை யார் வேய்வது என்றுதான் அங்கே பேச்சு.