நூற்றில் இரண்டு

மாதிரிகளை உறைய வைத்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்துத் தருவது என் வேலை. கொரோனாவுக்குப் பிறகு என் மேசைக்கு வரும் குப்பிகளில் பெரும்பாலும் கொழுப்புத் துகள்கள்தான். ஃபைசர், மாடர்னா தடுப்பூசிகளில் எம்.ஆர்.என்.ஏ.வைச் செல்லுக்குள் சுமந்து போனவை இவையே. கொலஸ்ட்ரால் உட்பட நாலு வகைக் கொழுப்பு சேர்ந்த உருண்டை. குறுக்களவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கி 200 நானோமீட்டர் அளவிலேயே மங்கிவிடும்.

கிரிட் எனப்படும் 3 மில்லிமீட்டர் செம்பு வலைத்தட்டில் 3 மைக்ரோலிட்டர் சொட்டு விடுவேன். ஒற்றுத்தாள் உபரி நீரை உறிஞ்சியதும், கிரிட் மைனஸ் 180 டிகிரிக்கு அருகிலுள்ள திரவ ஈத்தேனுக்குள் பாயும். திரவ நைட்ரஜன் சரிப்படாது. அது கொதித்து, கிரிட்டைச் சுற்றி ஆவிப்போர்வை போர்த்திவிடும். குளிர்வது தாமதமாகும், அதற்குள் பனிப்படிகங்கள் வளர்ந்து துகள்களைச் சிதைத்துவிடும். ஈத்தேனில் நீருக்குப் படிகமாக நேரமே கிடைக்காது. இந்த வித்தையைக் கண்ட ழாக் டுபோஷேவுக்கு 2017 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. ஒற்றும் நேரம் கொஞ்சம் கூடினால் கிரிட்டின் நீர்ப்படலமே வறண்டுவிடும். இதில் இயந்திரத்தைவிடக் கைப்பழக்கத்தைத்தான் நம்புகிறேன்.

திரையில் கரும்புள்ளிகளாக உருண்டைகள் தெரியும். சிலவற்றில் பொரித்த அப்பளத்தின் கொப்புளம் மாதிரி ஒரு புடைப்பு. பார்த்தால் உற்பத்திக் கோளாறு என்றுதான் தோன்றும். ஆனால் ஆர்.என்.ஏ.வைக் காட்டிக்கொடுக்கும் சாயமிட்டுப் பார்த்தபோது, அது அந்தப் புடைப்புக்குள் இருப்பது தெரிந்தது. புடைப்புள்ள துகள்கள் இன்னும் நன்றாக வேலை செய்வதாக வான்கூவரில் பீட்டர் கல்லிஸ் குழு 2023இல் காட்டியது.

பொட்டலம் கட்டுவது ஒருவாறு வசப்பட்டுவிட்டது. செல்லுக்குள் அது பிரிவதில்தான் சிக்கல். செல் துகளை எண்டோசோம் என்ற பைக்குள் விழுங்கிக்கொள்கிறது. அதிலிருந்து தப்பினால்தான் மருந்துக்கு வேலை. இல்லையென்றால் அங்கேயே செரித்துவிடும். எவ்வளவு தப்புகிறது? ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் மரீனோ செரியல் குழு 2013இல் குட்டி ஆர்.என்.ஏ.க்களுடன் தங்கத் துணுக்குகளைக் கோத்து அனுப்பியது. எலெக்ட்ரான் படத்தில் தங்கம் கறுத்துத் தெரியும். பைக்குள் எத்தனை, வெளியே எத்தனை என்று எண்ணிவிடலாம். வெளியே வந்தது நூற்றுக்கு 1 அல்லது 2.

என் படங்கள் அழகுதான், ஆனால் எல்லாம் உறைந்த கணங்கள். துகள் எந்தப் பையில், எப்போது கிழிந்தது என்று அவை சொல்லாது. அதற்கு ஒளிரும் சாயமும், இயற்பியலாளர் அபே வகுத்த அந்த 200 நானோமீட்டர் ஒளி எல்லையைத் தாண்டும் நுண்ணோக்கியும் வேண்டும். 2014 நோபல் அந்த நுட்பத்துக்குத்தான். எலெக்ட்ரான் படம், ஒளிரும் படம் இரண்டையும் ஒரே செல்லில் பொருத்திப் பார்ப்பதே இப்போது எங்களுக்கெல்லாம் தலைவலி பிடித்த வேலை.

இந்த மெனக்கெடல் வீண் அல்ல. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பட்டிசிரான், கொழுப்புத் துகளில் வரும் முதல் குட்டி ஆர்.என்.ஏ. மருந்து, பரம்பரை நரம்புநோய்க்கானது. மூன்று வாரத்துக்கொரு முறை சிரையில் ஏற்ற வேண்டும். உடம்பு எதிர்க்காமலிருக்க ஒவ்வொரு தடவையும் முதலில் ஸ்டீராய்டு கொடுத்தாக வேண்டும். தப்பிக்கும் இரண்டு நான்கானால், ஏற்றும் அளவைப் பாதியாக்கிப் பார்க்கலாம்.