பழைய உடல், புதிய இயந்திரம்: பாலைவனத்து டொட்ஜ் வண்டியின் கதை

அபுதாபி நகரிலிருந்து தெற்கே, லீவா பாலைவனச் சோலையை நோக்கிச் செல்லும் திசையில் அமைக்கப்பட்ட எமிரேட்ஸ் தேசிய மோட்டார் வாகன அருங்காட்சியகம் உலகப் புகழ் பெற்றதற்கு ஒரு பிக்கப் வண்டியே முதற் காரணம். ஷேக் ஹமாத் பின் ஹம்தான் அல் நஹ்யான் என்ற அரச குடும்பத்தவர், 1950களின் டொட்ஜ் பவர் வேகன் வண்டியைப் பலமடங்கு பெரிதாக்கிச் செய்வித்த உருவம் அது. எடை சுமார் 50 தொன். உள்ளே படுக்கையறையும் சமையலறையும் உண்டு. அசல் வண்டியை அதனருகில் நிறுத்தினால் விளையாட்டுப் பொருள்போலத் தோன்றும். ஆயினும் அது வெறும் சிலையன்று. தன் சொந்த வலுவில் நகரக்கூடியது.

செல்வந்தரின் விளையாட்டு என்று இதனை ஒதுக்கிவிடலாம். நாம் அவ்வாறு ஒதுக்க விரும்பவில்லை. உலகின் எந்த வாகனத்தையும் வாங்க வல்ல ஒருவர், ஆடம்பரக் கார் எதனையும் விடுத்து உழைப்பாளியின் பாரவண்டியொன்றைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்துக்காக டொட்ஜ் நிறுவனம் செய்த முக்கால் தொன் வண்டிகளின் வழிவந்ததே பவர் வேகன். 1946 முதல் பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. நான்கு சக்கரங்களும் உந்தும். முன்புறம் இழுவைச் சுருளி பூட்டலாம். 1968இல் அமெரிக்க விற்பனை நிற்கும்வரை அதன் முகத்தோற்றம் பெரிதாக மாறவில்லை. சவூதி அரேபியாவில் அரம்கோ நிறுவனத்தின் எண்ணெய் ஆய்வுக்குழுக்கள் பாதையற்ற மணலில் இதனையே நம்பிச் சென்றன. அபுதாபியில் 1958இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1962இல் முதல் ஏற்றுமதி நடந்தது. ஒட்டகத்தின் இடத்தை இரும்பு பிடித்துக்கொண்ட காலத்தின் நினைவுச் சின்னமாகவே இவ்வண்டி அங்கு மதிக்கப்படுகிறது. (பின்னாளில் அந்த இடம் ரொயோட்டா லாண்ட் குறூசர் பிக்கப்புக்குச் சென்றது. சவூதியில் அதனை ‘ஷாஸ்’ என்பர். ‘சசி’ என்ற சொல்லின் திரிபு அது.)

அசல் அளவிலான பழைய பவர் வேகனையே இன்றைய நெடுஞ்சாலையில் ஓட்ட விரும்புவோரும் உளர். அமெரிக்காவில் இதனைத் தொழிலாகவே செய்யும் பட்டறைகள் உள்ளன. வெளித்தோற்றம் பழையது, உள்ளே ஓட்டத்துக்குரிய யாவும் புதியவை. காரணம் எளிது. அசல் இயந்திரம் ஆறு சிலிண்டர், 3.8 லீற்றர், ஏறத்தாழ 94 குதிரைவலு. மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டினால் வண்டி முனகும். இன்றைய எட்டுச் சிலிண்டர் இயந்திரமோ 400 குதிரைவலுவுக்கு மேல் தரும்.

இயந்திரத்தை மட்டும் மாற்றினால் அது கொலைக்கருவியாகிவிடும். பழைய பிறேக்குகள் அவ்வேகத்தைத் தாங்கா. எனவே தட்டுப் பிறேக்குகள் வேண்டும். அச்சின் பற்சக்கர விகிதமும் மாறவேண்டும், சுக்கானும் மாறவேண்டும். ஆரம்பகால வண்டிகளின் 6 வோல்ட் மின்னமைப்பு இன்றைய இயந்திரத்தின் கணினிக்குப் போதாது. வளைகுடாவின் 50 பாகை வெயிலில் குளிரூட்டி இயங்கவேண்டுமெனின் றேடியேற்றரும் பெரிதாகவேண்டும். இறுதியில் பழையதாக எஞ்சுவது தகடு மட்டுமே. சட்டகத்தையே புதிதாகச் செய்வோரும் உண்டு.

அப்படியானால் அது அதே வண்டிதானா? பழமை விரும்பிகள் இல்லை என்பர். எமது தயக்கம் வேறிடத்தில் உள்ளது. 1990இன் பின்னரான பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் ஓடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினோம். புகையும் நாற்றமும் தாங்கமுடியாதவை. ஆனால் வண்டி ஓடியது. அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்களாக இருந்தமையாலேயே அது இயன்றது. பவர் வேகனின் இயந்திரமும் அதே குணத்தது: கிடைத்ததைக் குடிக்கும், பழுதானால் ஒரு சாவியும் ஒரு சுத்தியலும் கொண்டு மணல்மேட்டிலேயே திருத்தலாம். புதிய இயந்திரம் ஓர் உணரி பழுதானாலே நின்றுவிடும். கணினியைப் பொருத்திப் பார்த்தாலன்றிக் காரணம் தெரியாது. வேகத்தையும் குளிரையும் பெறுவதற்காக அவ்வண்டி இழப்பது இந்தத் தன்னுறுதியையே. நகரத்துச் செல்வந்தருக்கு அது இழப்பாகத் தோன்றாது. தடைக்குள் வாழ்ந்தவர்களுக்குத் தோன்றும்.

இவ்வகை மாற்றங்களைச் செய்யும் கைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். சார்ஜாவின் கைத்தொழில் வட்டாரங்களிலும் அபுதாபியின் முசஃபாவிலும் உள்ள கராஜ்களில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளிகள், இலங்கையர் எனத் தெற்காசியத் தொழிலாளரே நிறைந்துள்ளனர். வேறொரு நாட்டில் செய்த இயந்திரத்தை எழுபது வயது வண்டிக்குள் இருத்த, தாங்கிகளை அளந்து வெட்டி ஒட்டும் வித்தையை அவர்களிற் பலர் எந்தக் கல்லூரியிலும் கற்றதில்லை. பட்டறையில் மூத்தவரின் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டது அது.

அவர்களின் வதிவிட உரிமை வேலையோடு கட்டுண்டது. வேலை முடிந்து குறித்த அவகாசமும் கழிந்தால் நாட்டைவிட்டு வெளியேறவேண்டியதுதான். வளைகுடாவின் ஆறு அரபு நாடுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணையவில்லை. ஆகவே ஊருக்குத் திரும்ப அஞ்சும் தொழிலாளி அங்கு அடைக்கலம் கோரச் சட்டவழி அரிது. எம்மவரிற் சிலர் வளைகுடாவில் கற்ற கராஜ் வேலையோடுதான் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் வந்து சேர்ந்தார்கள். அத்தகைய வாசகர்கள், தாம் உடல் காத்து உயிர் மாற்றிய வண்டிகளைப் பற்றி எழுதியனுப்பினால் இப்பக்கத்தில் மகிழ்வுடன் பிரசுரிப்போம்.