ஜவ்வாதுமலைச் சிறாரும் உறைவிட மனநலச் சிகிச்சையும்: 'உடனிருப்பவர்' குறித்த சட்டவிதி

2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் வெளியேற இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக ஏற்றது. காப்பகங்கள் உரிமம் பெறவேண்டும் எனக் கூறிய 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போது நடைமுறையில்தான் இருந்தது. உள்ளே இருப்பவரைக் காக்க உரிமம் மட்டும் போதாது என்பதற்கு ஏர்வாடியை விடத் தெளிவான சான்று தேவையில்லை.

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இக்குறையை வேறு வழியில் அணுகுகிறது. சங்கிலியால் பிணைப்பதைப் பிரிவு 95 முற்றாகத் தடை செய்கிறது. பதினெட்டு வயது நிறையாதவரை உள்நோயாளியாகச் சேர்ப்பது பற்றிப் பிரிவு 87 விரிவாகப் பேசுகிறது. மனநல மருத்துவர் ஒருவரேனும் இடம்பெற, இருவர் தனித்தனியே பரிசோதித்து, வேறு வழியில்லை என்று முடிவு செய்தல் வேண்டும். சிறாரைப் பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்கவைத்தல் வேண்டும். 72 மணி நேரத்திற்குள் மனநல மறுஆய்வு வாரியத்திற்குத் தெரிவித்தல் வேண்டும். சேர்க்கை 30 நாள்களைத் தாண்டினால் வாரியம் மறுஆய்வு செய்தாக வேண்டும். சிகிச்சைக்காக ஓரிடத்தில் வைக்கப்பட்ட குழந்தையின் நிலையை அவ்வப்போது மறுஆய்வு செய்யவேண்டும் என்னும் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 25ஆம் உறுப்பு இங்குச் செயல்வடிவம் பெறுகிறது.

இவற்றினும் முதன்மையானதாகக் கருதத்தக்கது இப்பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. சிறாரின் நியமனப் பிரதிநிதி, பெரும்பாலும் தாயோ தந்தையோ, அல்லது அவர் அமர்த்தும் ஒருவர், சேர்க்கைக்காலம் முழுவதும் சிறாருடன் தங்கியிருத்தல் வேண்டும். சிறுமியின் பிரதிநிதி ஆணாயின், உடனிருப்பவர் பெண்ணாக இருத்தல் வேண்டும். வாரியம் வருவது எப்போதோ ஒருநாள். இரவில் குழந்தைக்கு நேர்வதை அறிபவர் அருகில் படுத்திருப்பவரே. குடும்பத்தாரை உடன் தங்கவைக்கும் முறை வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் 1957 முதற்கொண்டே வழக்கில் உள்ளது. அமெரிக்காவிலோ, பதின்பருவத்தினரைத் தொலைதூர உறைவிடங்களுக்கு அனுப்பிப் பெற்றோருடனான தொடர்பையும் சுருக்கும் போக்கு நெடுங்காலம் நிலவியது. அங்கு நிகழ்ந்த கொடுமைகள் வெளிப்பட்ட பின்னர், 2024 டிசம்பரில் அதற்கெனத் தனிச்சட்டம் கொண்டுவரப்பட்டது.

ஆயினும், இதே உட்பிரிவு ஜவ்வாதுமலையில் எவ்வாறு பொருள்படும் என்பது தனியே நோக்கத்தக்கது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் இம்மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விளைச்சலும் காட்டுப் பொருள்களும் ஆண்டு முழுதும் சோறிடாமையால் பலர் கூலிவேலைக்குக் கீழ்நாட்டிற்கும் வெளிமாநிலங்களுக்கும் செல்கின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் வனப்பகுதியில் ஆந்திரக் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளருள் இம்மலைப் பகுதியினரும் இருந்தனர். பெற்றோர் வெளியூர் செல்லும்போது பிள்ளைகள் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலோ பாட்டியிடமோ வளர்கின்றனர். அத்தகைய மாணவி ஒருத்திக்கு உள்நோயாளிச் சிகிச்சை தேவைப்படின், ஜமுனாமரத்தூரிலிருந்து மலையிறங்கி அவளோடு வாரக்கணக்கில் தங்குபவர் யார்? விடுதிக் காப்பாளர் தாமாகவே நியமனப் பிரதிநிதி ஆகிவிட முடியாது. பிரிவு 15இன்படி அத்தகுதி சட்டப்பூர்வப் பாதுகாவலருக்கே உரியது. அவர் தகுதியற்றவர் எனக் கண்டால் மட்டுமே வாரியம் வேறொருவரை அமர்த்தும். கூலிக்காக ஊர்விட்டுச் சென்ற தாயைத் தகுதியற்றவர் எனல் அறமாகாது.

உடனிருப்பவரின் கூலியிழப்பை ஈடுசெய்வது யார் என்று பிரிவு 87 கூறவில்லை. இதனால் இரு தீங்குகள் நேரக்கூடும். சேர்க்கை தவிர்க்கப்பட்டு, குழந்தை வீட்டிலேயே கட்டிவைக்கப்படலாம். அன்றேல், தாளில் கையொப்பம் பெற்றுக்கொண்டு குழந்தையைத் தனியே விட்டுவிடும் வழக்கம் உருவாகலாம். முன்னது சிகிச்சை பெறும் உரிமையைப் பறிக்கிறது. பின்னது காவலைப் பறிக்கிறது.

இதற்கு முன்மாதிரி அரசிடமே உண்டு. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடுடைய குழந்தைகளுக்கான மறுவாழ்வு மையங்களில் உடன் தங்கும் தாய்க்குக் கூலியிழப்பு ஈட்டுத்தொகை வழங்க, நடுவண் அரசின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறை இடமளிக்கிறது. அதனை மனநலச் சிகிச்சைக்கும் நீட்டிக்கப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மாநில அரசின் ஆணையே போதுமானது. தாய் வர இயலாதபோது, அவர் ஒப்புதலுடன் அதே ஊர்ப் பெண் ஒருவரை ஊதியத்துடன் உடனிருப்பவராக அமர்த்தவும் 'அவர் அமர்த்தும் ஒருவர்' என்னும் தொடர் ஏற்கெனவே வழிவிட்டுள்ளது.