டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகள்

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களை ஒரு புற்றுநோய் திகைக்க வைத்தது. பெண்ணுறுப்பின் உட்பகுதியில் வரும் அந்த வகைப் புற்று இளம்பெண்களிடம் மிக அரிது. ஆனால், சில ஆண்டுகளுக்குள் எட்டுப் பேர் அதனுடன் வந்திருந்தார்கள். எல்லோரும் 15 முதல் 22 வயதுக்குட்பட்டவர்கள். இவளைச் சுமந்தபோது நான் சாப்பிட்ட மாத்திரை காரணமாக இருக்குமோ என்று ஒரு பெண்ணின் தாய்தான் சந்தேகத்தைக் கிளப்பினார்.

அந்த மாத்திரையின் பெயர் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால். பிரிட்டனில் சார்லஸ் டாட்ஸ் குழு 1938-ல் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன் அது. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். அப்படி ஒரு பலன் இல்லை என்று சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு 1953-லேயே காட்டியது. ஆனாலும் மருத்துவர்கள் அதை எழுதிக் கொடுப்பதை நிறுத்தவில்லை.

பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்டின் குழு மற்ற தாய்மாரையும் விசாரித்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் அதைச் சாப்பிட்டிருந்தார்கள். ஒப்பீட்டுக்காக விசாரித்த, நோயில்லாத 32 பெண்களின் தாய்மாரில் ஒருவர்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை. 1971 ஏப்ரலில் ஆய்வு வெளியானது. கர்ப்பிணிகளுக்கு இம்மருந்து கூடாது என்று நவம்பரில் அமெரிக்க அரசு எச்சரித்தது.

ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்கள் குறித்து மருத்துவ மாணவர்களுக்கு நடத்த இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. உட்கொண்டவர் தாய், புற்று வந்தது மகளுக்கு, அதுவும் பல ஆண்டுகள் கழித்து. ஹார்மோன்கள் ரத்தத்தில் மிகச் சொற்ப அளவில் இருந்துகொண்டே வேலை செய்பவை. செல்களில் உள்ள ஏற்பிகள், உடலின் சொந்த ஹார்மோனையும் அதைப்போல் நடிக்கும் ரசாயனத்தையும் எப்போதும் பிரித்தறிவதில்லை. அதனால் எவ்வளவு என்பதோடு, எந்தப் பருவத்தில் என்பதும் முக்கியமாகிறது. கருவில் உறுப்புகள் உருவாகும் வாரங்கள் மிக நுட்பமானவை.

பிளாஸ்டிக்கில் பயன்படும் பிஸ்பினால்-ஏ ஈஸ்ட்ரோஜன் போல் செயல்படுவதையும் டாட்ஸ்தான் 1936-ல் கண்டார். 2023-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒருவர் தினமும் தாங்கக்கூடிய அதன் அளவை முன்பிருந்ததைவிட 20,000 மடங்கு குறைத்தது.

இந்த அறிவு வார்டுக்குள் போதிய அளவு வரவில்லை. அமெரிக்காவில் 2,500-க்கும் மேற்பட்ட மகப்பேறு மருத்துவர்களிடம் நடத்தி 2014-ல் வெளியான கணக்கெடுப்பில், 15 பேரில் ஒருவர்தான் இதுபற்றிப் பயிற்சி பெற்றதாகச் சொன்னார். 2015-ல் பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு, நச்சு ரசாயனங்களைப் பற்றி மருத்துவர்கள் பேச வேண்டும் என்று வலியுறுத்தியது.

எப்படிப் பேசுவது? கனடாவில் குடும்ப மருத்துவர்கள் நோயாளிகளிடம் கேட்பதற்காக ஏழு தலைப்புகள் வகுத்தார்கள்: ஊர், வீடு, பொழுதுபோக்கு, தொழில், பழக்கங்கள், உணவு, மருந்து. நம் கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் ‘விவசாயம்’ என்று எழுதிவிட்டு நகர்வது எளிது. பயிருக்கு மருந்தடிப்பவரா, வெறுங்கையால் கலக்குகிறாரா, அந்தத் துணியை வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்று மேலும் மூன்று கேள்விகள் கேட்க ஒரு நிமிடம் போதும்.

கேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மீது ஹெலிகாப்டரிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியைத் தெளித்தார்கள். அங்கே வினோத நோய்கள் பெருகுவதை முதலில் கவனித்துச் சொன்னவர்களில் உள்ளூர் மருத்துவர் ஒருவரும் உண்டு. அப்பகுதிச் சிறுவர்கள் பருவமடைவது தாமதமாவதை 2003-ல் வெளியான இந்திய ஆய்வு சுட்டிக்காட்டியது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பூச்சிக்கொல்லிக்குத் தடை விதித்தது.

மருத்துவக் கல்லூரிகளில் தேர்வுக்கு வருவதைத்தான் மாணவர்கள் ஊன்றிப் படிக்கிறார்கள். செய்முறைத் தேர்வில் இக்கேள்விகளுக்கு மதிப்பெண் ஒதுக்கினால் பழக்கம் தானாக வந்துவிடும். அதுவரை நோயாளிகள் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைக்குத் திட்டமிடுவோரும் தங்கள் வேலை, வீடு, புழங்கும் ரசாயனங்கள் பற்றி டாக்டர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே சொல்லிவிடலாம்.