பேட்டுக்கு முன் கைக்குப் பலம்

2021 நவம்பரில் டில்லியில் நடந்த சையது முஷ்தாக் அலி கோப்பை இறுதிப் போட்டியில் கடைசிப் பந்துக்கு 5 ரன் தேவை. தமிழகத்தின் ஷாருக்கான் சிக்ஸர் அடித்தார். 2023-இல் கோவை கிங்ஸுக்குத் தலைமையேற்று டி.என்.பி.எல். கோப்பை வென்றவரும் அவரே. அப்படி அடிக்க ஆசைப்பட்டு நம் கோட்டைமேடு, கரும்புக்கடைப் பிள்ளைகள் அத்தாவிடம் கனமான பேட் கேட்கிறார்கள். வீண் செலவு வேண்டாம் என்போம்.

வலது கை ஆட்டக்காரருக்கு மேலே பிடிக்கும் இடது கைதான் பேட்டை வழிநடத்தும். பலருக்கு அதுதான் பலவீனம். கீழ்க் கையை இறுக்கினால் பந்து மேலெழும்பி கேட்ச் ஆகிவிடும்.

பஜ்ருக்குப் பின் பத்து நிமிடம் போதும். ஈரத்துண்டை இருபக்கமும் மாற்றி முறுக்கிப் பிழியலாம். பழைய டென்னிஸ் பந்தை ஐந்து விநாடி அழுத்தி விடலாம், கைக்குப் பத்து முறை. விரல்களில் ரப்பர் பேண்ட் மாட்டி விரிப்பதும் அவசியம். மூடும் தசைக்கு மட்டுமே வேலை தரக்கூடாது. அரிசி வாளிக்குள் கைவிட்டுப் பிசைபவர்களும் உண்டு. உணவு அமானிதம், நமக்கு மணல் போதும். பிறகு மேல் கையால் மட்டும் இலேசான பேட்டைப் பிடித்து, மெதுவாக எறியும் பந்தை 20 முறை தட்டட்டும்.

விரல் மரத்தாலோ மணிக்கட்டு வீங்கினாலோ அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் போட்டு நீவிவிட வேண்டாம்.